குறைந்தபட்ச எடை

வண்டியிலிருந்து கழற்ற இனி எதுவும் இல்லை என்று ஆன பிறகு, மாப்பிள்ளை தன்னையே கழற்ற ஆரம்பித்தார். அப்படித்தான் அவர் சொன்னார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சியின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தில் யாராவது நடுவழியில் மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை அவர்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டே வேலை பார்க்கிற ஆள். நான் எடை மெஷின் ரிப்பேர்காரன். கடைகளிலும் குடோன்களிலும் இருக்கிற மெஷின்கள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, காட்டாததைச் சரிசெய்து, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது என் பிழைப்பு. எனக்குக் கொஞ்சம் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் யாராவது "சுமாரா அறுபது கிலோ இருக்கும்" என்று சொன்னால் பற்றிக்கொண்டு வரும். சுமாராவது கிமாராவது. அறுபதா, அறுபதே காலா என்று சொல்லத்தானே மெஷின் இருக்கிறது.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே பைத்தியம். அதற்கு வெட்டுக்கிளி என்று பேர். முப்பது வயதான ஜப்பான் கார். இரண்டே சீட், துணிக் கூரை, பச்சை நிறம். பட்டனைத் தட்டினால் முன்பக்க விளக்குகள் தூங்கி எழுந்த மாதிரி மேலே வரும். சின்ன எஞ்சின்தான், நேர் ரோட்டில் எந்த வண்டியும் அதைத் தாண்டிப் போய்விடும். வளைவு என்று வந்துவிட்டால் அதன் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. காரணம் ஒன்றே ஒன்று, அதற்கு எடை இல்லை.

எங்கள் வீடுகளிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றை ரேஸ் ட்ராக்காக மாற்றியிருந்தார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். வருடத்துக்கு நான்கு முறை எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்கு ரேஸ் வைப்பார்கள். எங்கள் பிரிவுக்கு ஒரு விதி உண்டு. ரேஸ் முடிந்ததும் ஓட்டியவரை இறங்கவிடாமல் அப்படியே வண்டியோடு சேர்த்து எடை போடுவார்கள். மொத்தம் தொள்ளாயிரம் கிலோவுக்குக் குறையக் கூடாது. கூட இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் கூட இருக்கிறவன் ஜெயிக்கவும் மாட்டான். அதனால் எல்லோரும் தொள்ளாயிரத்தை ஒட்டி, அதற்குக் கீழே இறங்காமல் வந்து நிற்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது மூன்று வருட வேலை.

என் கடைக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில்தான் வேலை நடந்தது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டோடு வந்துவிடுவார். தரை விரிப்பைக் கிழித்தோம். ஏசியைக் கழற்றினோம். ஸ்டெப்னி, ரேடியோ, கதவுக்குள் இருந்த கண்ணாடி ஏற்றும் மோட்டார், எல்லாம் போனது. சத்தம் கேட்காமல் இருக்க அடித்தளத்தில் தார் மாதிரி ஒன்றை ஒட்டியிருந்தான் ஜப்பான்காரன். அதை உளியால் சுரண்டி எடுக்க ஆறு வாரம் ஆனது. சுரண்டியதை ஒரு வாளியில் போட்டு எடை பார்த்தேன், ஏழு கிலோ நானூறு கிராம். மாப்பிள்ளை வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஆடினார். கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்புக் கூண்டை உள்ளே பொருத்தச் சொல்லி விதி இருந்ததால், கழற்றியதில் பாதி திரும்பி ஏறியது. அன்றைக்கு நான் யாரோடும் பேசவில்லை.

எடை பார்க்க என்னிடம் நான்கு தட்டு மெஷின்கள் இருந்தன. ஒரு கூரியர் குடோனில் உதவாது என்று ஒதுக்கிப் போட்டவை. ஒவ்வொன்றையும் பிரித்து, சென்சார் மாற்றி, என்னுடைய இருபது கிலோ படிக்கற்களை வைத்துச் சரிபார்த்து, ஐம்பது கிராம்கூடப் பிசகாமல் ஆக்கியிருந்தேன். சக்கரத்துக்கு ஒன்றாக அவற்றின் மேல் வண்டியை ஏற்றுவோம். ஓட்டுகிறவர் ஹெல்மெட், உடுப்பு, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார வேண்டும். அப்போதுதான் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு எடை விழுகிறது என்று தெரியும். நான் நோட்டில் எழுதுவேன். தேதி, வண்டி, ஆள், மொத்தம் என்று நான்கு கட்டம். ஓரத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம். எடை குறைந்திருந்தால் அந்தக் கட்டத்தில் "சபாஷ்" என்று எழுதுவது என் வழக்கம். வாயால் நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் பாராட்டுகிற ஆள் இல்லை.

இந்த வருடம் ஜனவரியில் வண்டி 822-இல் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் ஏதாவது கழன்று விழும் என்ற நிலைமை. மாப்பிள்ளை உடுப்போடு 92. மொத்தம் 914. பதினான்கு கிலோ அதிகம்.

நான் நோட்டைப் பார்த்தேன். பிறகு அவருடைய தொப்பையைப் பார்த்தேன்.

"என்ன மச்சான், கண்ணு வேற எங்கயோ போகுது?"

"வண்டியில கழட்ட ஒண்ணும் இல்ல மாப்ள."

"அப்ப என்னைத்தான் கழட்டணும்ங்கறீங்க. சரி, எங்கேருந்து ஆரம்பிக்கலாம்? தலையில இருந்தா? அதுல ஒண்ணும் பெருசா கனம் இல்லைன்னு உங்க தங்கச்சி சொல்லுவா."

அன்றைக்கே பிஸ்கட் நின்றது. காலையில் நடை, இரவுக்கு ஒரு கிண்ணம் காய். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே மாதத்தில் 89. பிறகு 85.5. பிறகு 82. மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, நான்கு மெஷின்களையும் கூட்டிப் பார்த்தேன். சரியாகத் தொள்ளாயிரம். மாப்பிள்ளை 78. நான் சபாஷ் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். ஒரு மனிதன் மன உறுதியால் இவ்வளவு இறங்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. அவர் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

இதற்கு நடுவில் தங்கச்சி ஒருமுறை கடைக்கு வந்தாள். அவள் தையல்காரி, பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவள். கையில் மாப்பிள்ளையின் இரண்டு பேண்ட் இருந்தன.

"ரெண்டாவது தடவையா இடுப்பு பிடிச்சிருக்கேன் அண்ணா. இனிமே பிடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் ஒண்ணாயிடும். ரொம்ப இளைச்சுட்டாரோ?"

"டயட்ல இருக்கார். எல்லாம் கணக்குப்படிதான் போகுது. நான்தானே எழுதறேன்."

"முகம்கூட ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"தொப்பை போனா முகமும்தான் போகும். இத்தனை நாளா குண்டா இருக்கார்னு புலம்பினே, இப்ப இளைச்சுட்டார்னு புலம்பறியா?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் சொன்னால் அவள் நம்புவாள். எடை விஷயத்தில் என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

எழுபத்தெட்டைத் தொட்டதும் மாப்பிள்ளை டயட்டை விட்டுவிட்டார். இனி அப்படியே இருந்தால் போதும், ஒரு கிலோ ஏறினாலும் நல்லது, வரம்புக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கும் என்று நான்தான் சொன்னேன். அடுத்த வாரம் 79. மொத்தம் 901. எனக்குப் பரம திருப்தி. ஜூன் மாத ரேஸுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஒருமுறை எடை பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஒரு குடோனில் பெரிய வேலை வந்துவிட்டது, பார்க்கவில்லை.

ஜூன் ரேஸில் மாப்பிள்ளை மூன்றாவதாக வந்தார். கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து ஒரு சிவப்பு வண்டியைத் தாண்டியதைப் பார்த்து, நான் தொப்பியைத் தூக்கி எறிந்து, அது வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. நேராக எடை மேடைக்குப் போனோம். அங்கே ஒரு அதிகாரி இருப்பார். கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் ஊதி யாரும் கேட்டதில்லை. அவர் எண்ணைப் படித்தார்.

"எண்ணூத்தித் தொண்ணூத்தாறரை."

"என்னது?"

"மூணரை கிலோ குறையுது சார். ரிசல்ட் செல்லாது."

மூன்று வருடம் எடையைக் குறைத்தோம், கடைசியில் எடை குறைவு என்று சொல்லி எங்களை வெளியே அனுப்புகிறான். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உங்கள் மெஷின் தப்பு என்றேன். இந்த மேடையை எவன் சரிபார்த்தான், ஸ்டிக்கர் எங்கே, தேதி என்ன என்றேன். என் வேனிலிருந்து படிக்கற்களைத் தூக்கிக்கொண்டு வந்து, எல்லோரும் வேடிக்கை பார்க்க, ஒவ்வொன்றாக மேடையில் வைத்தேன். இருபது, நாற்பது, அறுபது, எண்பது, நூறு. மேடை ஒரு கிராம் பொய் சொல்லவில்லை.

அதிகாரி பொறுமையாக நின்றார். எல்லாக் கல்லையும் நான் திரும்ப எடுத்த பிறகு சொன்னார்.

"வண்டியில எதுவும் மாத்தலைன்னா, ஆள் மாறியிருக்கணும் சார்."

அந்த வார்த்தையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அவர் சத்தமாகத்தான் சொன்னார்.

மாப்பிள்ளை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். "விடுங்க மச்சான். நானும் பழையபடி சாப்பிடலாம்னுதான் உக்காருறேன். நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. டயட்டுல வயிறு சுருங்கிடுச்சு போல."

"சாப்பிடணும் மாப்ள. இப்படி ஏமாத்தினா எப்படி?" என்றேன். ஏமாத்தினா என்றுதான் சொன்னேன், அந்த வார்த்தை இப்போதும் என் காதில் இருக்கிறது.

மூன்று வருடமாக ஒரு மனிதனின் எடையை எழுதுகிற ஒருவனிடம், அந்த மனிதர் நினைக்காமலே நாலரை கிலோ மூன்று வாரத்தில் காணாமல் போனது என்று மெஷின் சொல்கிறது. மெஷின் சரி என்று அவனே நூறு கிலோ கல்லை வைத்துப் பார்த்தாயிற்று. அதற்கப்புறம் அவன் என்ன செய்ய வேண்டும்? கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு எங்கே வலிக்கிறது, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். நான் அதற்குப் பதிலாக இரும்புக் கடைக்குப் போனேன்.

தலா இரண்டரை கிலோ எடையில் இரும்புத் தகடுகள் வெட்டி வாங்கினேன். பக்கத்து சீட் இருந்த இடத்தில், தரையோடு சேர்த்து போல்ட் போட்டு முறுக்கினேன். எடை குறைவாக இருந்தால் இப்படித் தகடு வைத்து ஈடுகட்டலாம், விதியிலேயே இருக்கிறது. முதலில் இரண்டு தகடு. ஆகஸ்டில் மாப்பிள்ளை 71, மூன்று தகடு. செப்டம்பரில் 67, ஐந்து தகடு.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது. வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. ஓட்டுகிறவருடைய எடை சீட்டில் உயரத்தில் இருக்கும், வளைவில் அது வண்டியைச் சாய்க்கும். அதே எடை இரும்பாகித் தரைக்கு வந்துவிட்டால் வண்டி தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். தவிர, ஓட்டுகிறவர் ஒரு பக்கம், தகடு மறுபக்கம் என்று நான்கு சக்கரத்திலும் எடை அழகாகப் பிரிந்தது. ஆகஸ்ட் ஞாயிறு ஒன்றில் ஒரு சுற்றுக்கு முக்கால் நொடி குறைந்தது. அவர் உடம்பிலிருந்து போனதையெல்லாம் நான் வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். குறிப்புக் கட்டத்தில் சபாஷ் என்று எழுதினேன்.

செப்டம்பர் ரேஸன்று அவருக்கு பெல்ட் மாட்டினேன். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, தொடை நடுவே இரண்டு. ஆறையும் கடைசிவரை இழுத்தும் தொளதொளவென்று இருந்தது. அவர் உடம்புக்கு அளவெடுத்து வாங்கிய சீட், மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் அவரைத் திணிக்க நான் முட்டியால் தள்ள வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பக்கமும் என் கை தாராளமாகப் போய்வந்தது.

"சீட்டு ஆடுது மச்சான்."

"ஸ்பாஞ்ச் வெச்சுட்டா சரியாயிடும்."

இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சைச் செருகினேன். ஹெல்மெட்டுக்குள் அவருடைய கண் மட்டும் தெரிந்தது. கண்ணாடி பழசாகி மஞ்சள் பூத்துவிட்டது என்று நினைத்தேன். ரேஸ் முடிந்து அவர் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை. நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டாம் இடம். எடை 901.5. கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, ரொம்பக் களைப்பா இருக்கு என்று சொல்லி வேனில் படுத்துத் தூங்கிவிட்டார். நான் நோட்டில் எழுதினேன்: ஹெல்மெட் கண்ணாடி மஞ்சள், மாற்ற வேண்டும்.

மறுநாள் காலை ஜன்னலோரம் அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது தங்கச்சி பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. அவர் கண்தான் மஞ்சள்.

நான்கு நாள் பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். தலை நரைத்த பெண்மணி, பூசி மெழுகாமல் பேசுகிறவர். மாப்பிள்ளை வார்டில் இருந்தார், அறையில் நானும் தங்கச்சியும் மட்டும். கணையத்தில் கட்டி என்றார். வேறு இடத்துக்கும் பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். தங்கச்சி கையில் துணி அளக்கிற டேப் இருந்தது. வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள். அதைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"எடை எப்பலேருந்து குறைய ஆரம்பிச்சுது? தோராயமா சொன்னா போதும்" என்றார் டாக்டர்.

"ஒரு ரெண்டு மாசமா இருக்கும் டாக்டர்" என்றாள் தங்கச்சி. "அதுக்கு முன்னாடி டயட்ல இருந்தார். அது அவரா குறைச்சது."

நோட்டு என் பையில்தான் இருந்தது, எப்போதும் அங்கேதான் இருக்கும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தோராயமா என்று அவர் சொன்னபோதே என் கை பைக்குள் போய்விட்டது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். "அரைக் கிலோ வரைக்கும் எழுதியிருக்கே. இப்படி ஒரு ரெக்கார்டை நான் எந்த பேஷன்ட்டுக்கும் பார்த்ததில்லை" என்றார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "மாசம் மூணு, மூணரை கிலோ குறைஞ்சிருக்கு. பாதி டயட்டா இருக்கலாம். ஜூன்ல இந்த இறக்கம் டயட் இல்லை. அப்பவே வந்திருந்தா, பேச்சு கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும்."

அவர் நோட்டை மேசையில் வைத்தார். தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். நான் எதிரே நின்றேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினாள். எண்களில் அவள் நிற்கவில்லை. ஓரக் கட்டத்தில் நின்றாள். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்.

"சபாஷ்" என்று வாய்விட்டுப் படித்தாள். "சபாஷ். சபாஷ். இதுல ரெண்டு கோடு வேற."

"அது வண்டிக்கு எழுதினதும்மா."

"ஜனவரிக்கு அப்புறம் வண்டி எந்த வரியிலயும் எண்ணூத்து இருபத்திரெண்டுக்குக் கீழ போகலையே அண்ணா. அது எங்க குறைஞ்சுது?"

அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"நான் வந்து கேட்டேனே. பேண்ட்டைத் தூக்கிட்டு உன் கடைக்கு வந்து கேட்டேனே. கணக்குப்படி போகுதுன்னு சொன்னியே. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கலையே. அண்ணன் பார்த்துக்கறான், அவனுக்குத் தெரியாததா எடையைப் பத்தின்னு நிம்மதியா மூணாவது தடவையும் இடுப்பு பிடிச்சுக் கொடுத்தேனே."

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஹெல்மெட் கண்ணாடி மஞ்சள் என்ற வரியைப் படித்தாள். நோட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால், நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிலிருந்து பதினெட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் தினமும் வார்டுக்குப் போவேன். நான் உள்ளே நுழைந்தால் அவள் தண்ணீர் பிடிக்கவோ மாத்திரை வாங்கவோ எழுந்து போய்விடுவாள். மாப்பிள்ளைதான் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து திண்டாடினார்.

"அவ நோட்டைக் காட்டினா மச்சான்" என்றார் ஒருநாள். "எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க அந்தக் கட்டத்துல என்ன எழுதறீங்கன்னு எட்டிப் பார்ப்பேன். உங்ககிட்ட சபாஷ் வாங்கறது சும்மாவா?"

"வயித்து வலி இருந்துச்சா மாப்ள, அப்பவே?"

அவர் கூரையைப் பார்த்தார். "இருந்துச்சு. சொன்னா ரேஸ் வேண்டாம்பீங்க."

நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். ஜூன் மாதம் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பத்தொன்பதாவது நாள் காலையில் நான் போனபோது வார்டு மூலையில் இருக்கிற எடை மெஷின் பக்கம் மாப்பிள்ளையை நர்ஸ் தாங்கிப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தார். தினமும் காலையில் எடை பார்ப்பார்கள், அந்த எடையைப் பொறுத்துத்தான் மருந்தின் அளவு. முந்தைய நாள் 56.4. மாப்பிள்ளை ஏறி நின்றார். மெஷினில் 57.4 என்று வந்தது.

"ஒரு கிலோ ஏறியிருக்கார்" என்றார் நர்ஸ், சிரித்துக்கொண்டே.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வேகத்தில் என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அண்ணா! ஏறியிருக்கார், பார்த்தியா? மருந்து கேக்குது!" பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவளாக, குரல் இறங்கி, "மெஷின் சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறாள். ஆம் என்று ஒரு தலையாட்டல் போதும்.

ஆனால் மாப்பிள்ளை ஏறுவதற்கு முன்பே நான் மெஷினைப் பார்த்திருந்தேன். எந்த ஊரில் எந்த மெஷினைக் கண்டாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும். கால் வழுக்காமல் இருக்க யாரோ அன்று புதிதாக ஒரு ரப்பர் விரிப்பை மெஷின் தட்டின் மேல் போட்டிருந்தார்கள். போட்டுவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவில்லை. யாரும் ஏறாதபோதே அது 1.8 காட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் முகத்தைப் படித்தவர். "ஒரு நாளைக்கு விட்டுக்கொடுங்களேன் மச்சான்" என்றார், பாதி சிரிப்போடு.

நர்ஸ் அட்டையில் 57.4 என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

"எழுதாதீங்கம்மா" என்றேன். குனிந்து விரிப்பை உருவி எடுத்தேன். "இதோட எடை ஒண்ணு புள்ளி எட்டு. அவர் ஏறலை. அம்பத்தஞ்சு புள்ளி ஆறு."

நர்ஸ் பூஜ்யமாக்கி, மாப்பிள்ளையை மறுபடி நிறுத்திப் பார்த்தார். 55.6.

மாப்பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தங்கச்சி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். முதுகு மட்டும் குலுங்கியது. இனி இவள் என் முகத்தில் விழிக்கவே மாட்டாள் என்று நினைத்து வாசலுக்கு நடந்தேன்.

"நில்லு" என்றாள்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். செப்டம்பருக்குப் பிறகான பக்கங்களில் அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். தேதியை நாள்தோறும் எழுதியிருந்தாள், பக்கத்தில் எண்கள், எல்லாம் பென்சிலில், அழித்து அழித்து எழுதிய எண்கள். நர்ஸ் சொன்னது சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லாமல் எழுதியவை.

"சபாஷ்னு எழுதத் தெரிஞ்சவன், இதையும் நீயே எழுது" என்று பேனாவை நீட்டினாள். "தினமும் வா. நீ பார்த்து எழுதினா நம்புவேன். நர்ஸ் எழுதினா நம்ப மாட்டேன்."

கட்டிலோரம் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தலையைத் திருப்பி, வழக்கம்போல ஓரக் கட்டத்தை எட்டிப் பார்த்தார். தேதி போட்டேன். வண்டி என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஆள் என்ற கட்டத்தில் 55.6 என்று எழுதினேன். குறைந்திருந்தது அல்லவா, பழக்கத்தில் பேனா தானாகவே குறிப்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.